உயிர்ப் பாதுகாப்புக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? கேள்வித்தாள் விடையை மாற்றும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை வளைவில் இரும்புத் தடுப்பு போடலாமா, ரயிலில் தானியங்கி பிரேக் பொருத்தலாமா, காற்று மாசுக்கு வரம்பு வைக்கலாமா என்று அரசுகள் கணக்குப் பார்க்கின்றன. பிரிட்டன், அமெரிக்கா, சுவீடன் போன்ற நாடுகளில் அந்தக் கணக்கின் ஒரு பக்கத்தில் செலவு இருக்கும். மறுபக்கத்தில், தப்பிக்கும் உயிர்களின் மதிப்பு. அந்த மதிப்பு பல நேரங்களில் சர்வேயிலிருந்து வருகிறது. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று, "உங்கள் ஆபத்து இவ்வளவு குறைந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று கேட்டிருப்பார்.

கேள்வித்தாள் தயாரிப்பதும் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதும் என் வேலையாக இருந்தது. இந்தத் தொகைகளைப் பற்றி மாணவர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சர்வேயில் உண்மையில் என்னதான் கேட்கிறார்கள்?

1982-இல் பிரிட்டனில் நடந்த ஒரு நாடு தழுவிய சர்வேயை எடுத்துக்கொள்வோம். நியூகாசில் பல்கலைக்கழகப் பொருளியலாளர் மைக்கேல் ஜோன்ஸ்-லீயும் அவரது சகாக்களும் நடத்தியது. முடிவுகள் 1985-இல் வெளியாயின. அதில் ஒரு கேள்வி ஏறக்குறைய இப்படிப் போகும்: நீங்கள் வெளிநாட்டில் நெடுந்தூரம் பஸ்ஸில் போக வேண்டும். வழிச்செலவுக்கு 200 பவுண்டு தந்திருக்கிறார்கள். ஒரு கம்பெனி பஸ்ஸில் டிக்கெட் சரியாக 200 பவுண்டு. அதில் போனால் வழியில் விபத்தில் இறக்கும் வாய்ப்பு லட்சத்தில் 8. இன்னொரு பஸ்ஸில் அது லட்சத்தில் 4தான், ஆனால் டிக்கெட் விலை கூட. அந்தக் கூடுதல் பணத்தை உங்கள் கையிலிருந்து போட வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு போடுவீர்கள்? அடுத்து, லட்சத்தில் 1 என்றால் எவ்வளவு?

நல்ல கேள்விதான். பயணம், டிக்கெட், கைக்காசு எல்லாம் எல்லோருக்கும் பழகியவை. ஆனால் லட்சத்தில் 8 என்பதும் லட்சத்தில் 4 என்பதும் மனதுக்குள் என்ன செய்கின்றன? இந்தப் பக்கம் முழுக்க அந்தச் சிக்கலைப் பற்றித்தான்.

அந்தப் பதிலிலிருந்து "உயிரின் விலை" எப்படி வருகிறது? ஒரு மனிதருக்கு விலை போடுவது தவறில்லையா?

லட்சத்தில் 8 என்பது 4 ஆகக் குறைந்தால், ஒவ்வொருவருக்கும் குறைவது லட்சத்தில் 4, அதாவது 25,000-த்தில் 1. ஒருவர் 40 பவுண்டு தருவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் போல 25,000 பேர் சேர்ந்தால் 10 லட்சம் பவுண்டு. அந்த 25,000 பேரில் சராசரியாக ஒருவர் பிழைப்பார். அவர் யாரென்று எவருக்கும் தெரியாது. பெயர் தெரியாத அந்த ஒருவரைப் "புள்ளியியல் உயிர்" என்கிறார்கள். சாவின் வாய்ப்பைச் சற்றுக் குறைப்பதற்கு மக்கள் எவ்வளவு தருவார்கள் என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968-இல் தெளிவாக எழுதினார்.

கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்க எவ்வளவு ஆனாலும் செலவழிப்போம், அது சரியானதும்கூட. ஆனால் எந்தக் கிணற்றுக்கு முதலில் மூடி போடுவது என்று பஞ்சாயத்து முடிவு செய்யும்போது ஏதோ ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. கணக்கே போடாவிட்டால் உயிருக்கு மதிப்பு எல்லையில்லாமல் போகாது. பெரும்பாலும் சுழியமாகத்தான் போகும். பிரிட்டனின் போக்குவரத்துத் துறை முன்பு, இறந்தவர் சம்பாதித்திருக்கக்கூடிய வருமானத்தை மையமாக வைத்துக் கணக்குப் போட்டது. 1988-இல் அதைக் கைவிட்டு, மக்கள் கொடுக்கச் சம்மதிக்கும் தொகைக்கு மாறி, ஓர் உயிரைக் காப்பதற்கு 5,00,000 பவுண்டு என்று வைத்தது. வேலைக்குப் போகாத பாட்டியின் உயிரை வருமானத்தை வைத்து அளக்கும் முறையைவிட இது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

மனதில் இருப்பதைத்தானே சொல்கிறார்கள்? கேள்வி அதை எப்படி மாற்ற முடியும்?

மனதில் ஏற்கெனவே ஒரு தொகை இருந்தால் மாற்ற முடியாதுதான். ஒரு கிலோ தக்காளிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று யார் எப்படிக் கேட்டாலும், வாரா வாரம் சந்தைக்குப் போகிறவர் ஒரே விலையைத்தான் சொல்வார். லட்சத்தில் 4 சாவு வாய்ப்பை யாரும் சந்தையில் வாங்கியதில்லை. அதனால் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் பதிலே உருவாகத் தொடங்குகிறது. அதை உருவாக்க அவருக்குக் கிடைக்கும் பொருள்களும் கேள்வித்தாளில் இருப்பவைதான்: அங்கே அச்சிட்ட எண்கள், படங்கள், சொற்கள், கேட்பவரின் முகம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் இப்படி ஒரு கேள்வியை ஒருமுறை படித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க படிச்சவங்க தம்பி. எவ்வளவு போட்டா சரியா இருக்குமோ நீங்களே போட்டுக்கோங்க" என்றார். தட்டிக் கழிப்பதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் ஒரு தொகை இல்லை, அதை நேர்மையாகச் சொன்னார். மற்றவர்கள் அதையே வாய்விட்டுச் சொல்லாமல், தாளில் இருந்த ஏதோ ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகுதான் புரிந்தது.

முதலில் காட்டும் எண்ணுக்கு அவ்வளவு வலிமையா?

ஆமாம். 1974-இல் உளவியலாளர்கள் டிவர்ஸ்கியும் கானமனும் எழுதிய கட்டுரையில் உள்ள சோதனை எல்லோரும் அறிந்தது. பங்கேற்பவர்கள் முன்னால் ஒரு சக்கரத்தைச் சுழற்றுவார்கள். அது 10-இல் அல்லது 65-இல் நிற்கும். பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் எத்தனை விழுக்காடு ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்பார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் நடுப்பதில் (பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 25. 65-ஐப் பார்த்தவர்களின் நடுப்பதில் 45. அந்தச் சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது கண்ணெதிரே தெரிந்தும் இப்படி ஆனது.

பாதுகாப்பு சர்வேயில் இதை நேரடியாகச் சோதித்தவர்கள் டுபூர்க், ஜோன்ஸ்-லீ, லூம்ஸ் மூவர். அவர்களது ஆய்வு 1997-இல் வெளியானது. சாலை விபத்துக் காயங்களின் ஆபத்தைக் குறைக்க எவ்வளவு தருவீர்கள் என்பது கேள்வி. பதில் சொல்பவர் கையில் ஒரு வட்டத் தட்டு. அதைச் சுழற்றினால் ஒரு சின்ன ஜன்னலில் ஒவ்வொரு தொகையாகத் தெரியும். சிலருக்குத் தட்டு 25 பவுண்டில் தொடங்கியது, சிலருக்கு 75 பவுண்டில். ஒரே தொகையைக் கேட்டு நெருக்காமல், "நிச்சயம் தருவேன்", "நிச்சயம் தரமாட்டேன்", "இடையில் இவ்வளவு இருக்கலாம்" என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டார்கள். மக்களின் தடுமாற்றத்துக்கு இடம் கொடுத்த, மரியாதையான முறை. அப்படியும் 75-இல் தொடங்கியவர்களின் தொகைகள் தெளிவாக உயர்ந்தே இருந்தன.

மற்றவர்களைக் குறைசொல்ல இந்த ஆய்வை நான் எடுத்துவரவில்லை. இந்தத் துறையின் முன்னோடிகளே தங்கள் கருவியைச் சந்தேகித்துச் சோதித்து, கிடைத்த சங்கடமான முடிவை மறைக்காமல் அச்சிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே இந்த ஆய்வை மாணவர்களிடம் முதலில் கொடுப்பேன்.

தொகையைக் கேட்பது நல்லதா, "இவ்வளவு தருவீர்களா, ஆம் அல்லது இல்லை" என்று கேட்பது நல்லதா?

இதில் நீண்ட வாதம் நடந்திருக்கிறது. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் கடலில் கொட்டியது. இழப்பீட்டை அளக்க அலாஸ்கா மாநில அரசு சர்வே எடுத்தது. சர்வே பதிலை வழக்கில் நம்பலாமா என்ற கேள்வி கிளம்பவே, அமெரிக்கக் கடல், வளிமண்டலத் துறை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்று நோபல் பரிசு பெற்ற இருவர் தலைமை. 1993-இல் குழு சொன்ன பரிந்துரைகளில் சில: நேரில் போய்க் கேளுங்கள், வாக்கெடுப்பு போல ஆம்/இல்லை வடிவில் கேளுங்கள், "பதில் சொல்ல விரும்பவில்லை" என்பதற்கும் இடம் வையுங்கள், இந்தப் பணத்தைக் கொடுத்தால் வேறு செலவுக்குக் குறையும் என்பதை நினைவூட்டுங்கள்.

ஆம்/இல்லை வடிவம் கடையில் பொருள் வாங்குவது போல இருப்பதால் பதில் சொல்ல எளிது. ஆனால் கேட்பவர் சொல்லும் தொகையே முதல் எண்ணாகிவிடுகிறது. அதோடு, வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் "இல்லை" என்று சொல்லக் கூச்சப்பட்டு "ஆமாம்" போடுகிறவர்களும் உண்டு. தொகையை நீங்களே சொல்லுங்கள் என்றால் சுழியம் எழுதுகிறவர்களும் வானளாவ எழுதுகிறவர்களும் கூடுகிறார்கள். தொகைகளை வரிசையாக அச்சிட்ட பட்டியல் அட்டை காட்டினால் அட்டையின் நடுப்பகுதி ஈர்க்கிறது. குறையில்லாத வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே ஊரில் இரண்டு வடிவங்களிலும் கேட்டு, இடைவெளி எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் நான் மதிக்கும் வழி.

ஆபத்து இரண்டு மடங்கு குறைந்தால் மக்கள் இரண்டு மடங்கு தொகை சொல்ல வேண்டுமல்லவா?

சொல்ல வேண்டும். சிறிய ஆபத்துகளில் தொகை ஏறக்குறைய அதே விகிதத்தில் கூட வேண்டும் என்று பொருளியல் எதிர்பார்க்கிறது. லட்சத்தில் 4 குறைவதற்கு 40 பவுண்டு என்றவர், லட்சத்தில் 7 குறைந்தால், அதாவது 8 என்பது 1 ஆனால், சுமார் 70 பவுண்டு சொல்ல வேண்டும். பஸ் கேள்வியில் கணிசமான பேர் இரண்டுக்கும் ஒரே தொகையைச் சொன்னார்கள்.

இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கனடாவின் ஹாமில்டன் நகரில் 40 முதல் 75 வயது வரையிலான 930 பேரிடம் குருப்னிக், ஆல்பெரினி குழுவினர் எடுத்த சர்வே 2002-இல் வெளியானது. பத்தாண்டுகளில் சாவு ஆபத்து ஆயிரத்தில் 1 குறைந்தால் எவ்வளவு, ஆயிரத்தில் 5 குறைந்தால் எவ்வளவு என்று கேட்டார்கள். ஆயிரம் கட்டங்கள் கொண்ட படம் காட்டி, வாய்ப்பு என்றால் என்ன என்று பொறுமையாகப் பழக்கிவிட்டுத்தான் கேட்டார்கள். ஐந்து மடங்கு பாதுகாப்புக்கு மக்கள் சொன்ன தொகை சுமார் 1.6 மடங்காகத்தான் கூடியது. ஆகவே சிறிய ஆபத்துக் குறைப்பை வைத்துக் கணக்குப் போட்டால் புள்ளியியல் உயிரின் மதிப்பு சுமார் 38 லட்சம் கனடா டாலர்; பெரியதை வைத்துப் போட்டால் சுமார் 12 லட்சம். ஒரே ஊர், ஒரே சர்வே, மூன்று மடங்கு வித்தியாசம். கேள்வித்தாளில் 1 என்று அச்சிடுவதா 5 என்று அச்சிடுவதா என்பதை முடிவு செய்தவர், ஒரு சாலைக்குத் தடுப்பு வருமா வராதா என்பதையும் பாதி முடிவு செய்துவிடுகிறார்.

ஏன் இப்படி? நம் ஊர் மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். 501 எழுதுவதா 1,001 எழுதுவதா என்பதை உறவின் நெருக்கமும் நம் கையிருப்பும் முடிவு செய்கின்றன. பந்தியில் எத்தனை வகைப் பலகாரம் என்று எண்ணிப் பார்த்து யாரும் மொய் எழுதுவதில்லை. பாதுகாப்பு சர்வேக்கும் பலர் மொய் எழுதுவது போலவே பதில் சொல்கிறார்கள்: நல்ல காரியம், நம்மால் முடிந்தது இவ்வளவு. 1998-இல் பீட்டியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பதில் சொன்னவர்களை மறுபடி உட்காரவைத்து, ஏன் இரண்டுக்கும் ஒரே தொகை சொன்னீர்கள் என்று கேட்டார்கள். வழக்கமான செலவைக் கெடுக்காமல் கொடுக்கக்கூடிய ஒரு தொகையைத்தான் நினைத்தோம் என்ற வகையில் பதில்கள் வந்தன. கானமனும் நெட்ஷும் 1992-இல் இதை மன நிறைவை விலைக்கு வாங்குவது என்று விளக்கினார்கள்.

இதே குறையை அம்பலப்படுத்த அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு நீர்ப்பறவைகளைப் பற்றியது. எண்ணெய்க் கழிவுக் குளங்களில் 2,000 பறவைகளைக் காப்பாற்ற 80 டாலர், 20,000 பறவைகளுக்கு 78 டாலர், 2,00,000 பறவைகளுக்கு 88 டாலர் என்று சராசரி வந்தது. சர்வே முறையே வீண் என்பதற்கு இதைச் சான்றாக நீட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கேள்வித்தாளையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கையோடு சேர்த்து, மொத்தப் பறவைகளில் "ஒரு விழுக்காட்டைவிட மிகக் குறைவு", "ஒரு விழுக்காட்டைவிடக் குறைவு", "சுமார் 2 விழுக்காடு" என்றும் எழுதியிருந்தார்கள். விழுக்காட்டைப் படித்தவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தோன்றும். போதாதற்கு, ஷாப்பிங் மாலில் நடந்து போகிறவர்களை நிறுத்தி நிரப்பச் சொன்ன தாள் அது. நிதி, மேலே சொன்ன எண்ணெய்க் கப்பலின் சொந்தக்காரரான எக்ஸான் நிறுவனத்துடையது. ஆக, இந்த முடிவு மக்களின் மனதைக் காட்டுகிறதா, தாளின் அமைப்பைக் காட்டுகிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

படம் காட்டினால் சரியாகிவிடுமா?

எந்தப் படம் என்பதைப் பொறுத்தது. கோர்சோ, ஹாமிட், கிரஹாம் மூவரும் 2001-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், காரின் பக்கவாட்டு ஏர்பேக் பற்றிக் கேட்டபோது ஒரு குழுவுக்குப் படமே இல்லை. மற்றவர்களுக்கு ஏணி போன்ற அளவுகோல்கள். ஒரு குழுவுக்குப் புள்ளிகள் நிறைந்த தாள். படம் பார்க்காதவர்களின் பதில் ஆபத்தின் அளவோடு நகரவே இல்லை. புள்ளிகளைப் பார்த்தவர்களின் பதில், எதிர்பார்த்த விகிதத்துக்கு நெருக்கமாக நகர்ந்தது. இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை ஊட்டிய ஆய்வுகளில் இது முக்கியமானது. சாதாரண மக்களுக்கு வாய்ப்புக் கணக்கு வராது என்று கைகழுவிவிடக் கூடாது. புரியும்படி காட்டும் பொறுப்பு கேட்பவருடையது.

எண்ணை எழுதும் விதமும் பாதிக்குமா?

நிறையவே. உளவியலாளர் யமகிஷி 1997-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்களிடம் பார்த்தது: 10,000 பேரில் 1,286 பேரைக் கொல்லும் நோய், 100 பேரில் 24.14 பேரைக் கொல்லும் நோயைவிட ஆபத்தானதாக அவர்களுக்குப் பட்டது. முதலாவது 12.86 விழுக்காடு, ஏறக்குறைய பாதி. 1,286 என்ற பெரிய எண்ணில் சடலங்கள் கண்ணில் தெரிகின்றன. 24.14-இல் தெரிவதில்லை.

விமான நிலையப் பாதுகாப்புக் கருவி பற்றிப் பால் ஸ்லோவிக் குழுவினர் கேட்டது இன்னும் விசித்திரம். ஒரு குழுவிடம், இந்தக் கருவி 150 உயிர்களைக் காப்பாற்றும் என்றார்கள். இன்னொரு குழுவிடம், ஆபத்தில் இருக்கும் 150 உயிர்களில் 98 விழுக்காட்டைக் காப்பாற்றும் என்றார்கள். குறைவான உயிர்களைக் காக்கும் இரண்டாவதற்குத்தான் ஆதரவு அதிகம். 98 விழுக்காடு என்றால் பரீட்சையில் 98 மார்க் வாங்கியது போல. உடனே நல்லது என்று தெரிகிறது. 150 என்பது பெரிதா சிறிதா என்று ஒப்பிட எதுவும் கையில் இல்லை.

பணத்தை எப்படிக் கட்டுவது என்பதும் தாளில் இருக்குமே, அது முக்கியமா?

முக்கியம். வரியாகவா, டிக்கெட்டிலா, காரில் பொருத்தும் கருவியின் விலையாகவா என்று மாற மாறத் தொகையும் மாறும். ஜோஹான்னசன் குழுவினர் 1996-இல் வெளியிட்ட சுவீடன் ஆய்வில், தன் காரில் மட்டும் பொருத்தும் பாதுகாப்புக் கருவிக்குச் சொன்ன தொகை, அதே அளவு பாதுகாப்பை எல்லோருக்கும் தரும் பொதுத் திட்டத்துக்குச் சொன்ன தொகையைவிட அதிகம். பிறர் உயிரைப் பற்றி அக்கறை இல்லை என்று இதைப் படிப்பது அவசரம். வரிப்பணம் போய்ச் சேருமா என்ற சந்தேகமும் அந்த விடையில் கலந்திருக்கலாம்.

சொல்வதைச் செய்வார்களா?

பொதுவாகச் சொல்வது கூடுதல். லிஸ்ட்டும் கேலட்டும் 2001-இல் பல சோதனைகளைத் தொகுத்தபோது, கற்பனைத் தொகை உண்மையில் கொடுத்ததைப் போல சராசரியாக மூன்று மடங்கு வந்தது. 2005-இல் மர்ஃபி குழுவினர் செய்த தொகுப்பில் நடு மதிப்பு 1.35 மடங்குதான். ஆகவே, சர்வே தொகையை மூன்றால் வகுத்துவிடு என்ற சுலபமான சூத்திரத்தை யாராவது தந்தால் ஏற்காதீர்கள்.

உருப்படியான ஒரு திருத்தம் உண்டு. "தருவேன்" என்றவரிடம் அடுத்து, "உறுதியாகவா, அநேகமாகவா?" என்று கேட்பது. புளூமென்ஷைன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் நீரிழிவு நோயாளிகளுக்கு மருந்தாளுநர் தரும் ஆலோசனைத் திட்டத்தை ஒரு பகுதியினருக்கு உண்மையாகவே விற்றார்கள். மற்றவர்களிடம் வாங்குவீர்களா என்று மட்டும் கேட்டார்கள். "உறுதியாக" என்றவர்களை மட்டும் எண்ணியபோது இரண்டும் ஒத்துப்போயின. ஒரே ஒரு கூடுதல் கேள்வி, அவ்வளவுதான் செலவு. இதைச் சேர்க்காத கேள்வித்தாளை இன்றும் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"பாதுகாப்புக்கு எவ்வளவு தருவீர்கள்" என்பதும் "ஆபத்தை ஏற்க எவ்வளவு கேட்பீர்கள்" என்பதும் ஒன்றுதானே?

தாளில் ஒன்று, மனதில் வேறு. ஹோரோவிட்ஸும் மெக்கானலும் 2002-இல் தொகுத்த ஆய்வுகளில், ஏற்பதற்குக் கேட்கும் தொகை, கொடுக்கச் சம்மதிக்கும் தொகையைப் போலச் சராசரியாக ஏழு மடங்கு. உயிர், உடல்நலம் போன்று கடையில் கிடைக்காதவற்றில் இடைவெளி இன்னும் விரிகிறது. ஒரு ஆலை ஊருக்குள் வரும்போது, அதைத் தடுக்க நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று ஊர்க்காரரிடம் கேட்பது, தூய காற்று ஏற்கெனவே அவருடைய உரிமை இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. கணக்குக்கு முன்னால் நியாயம் இருக்கிறது. எந்தத் திசையில் கேட்கிறோம் என்பதை அந்த நியாயம்தான் தீர்மானிக்க வேண்டும்.

பெரிய விபத்து நடந்த கையோடு கேட்டால்?

1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீயில் 31 பேர் இறந்தார்கள். சாலை விபத்துக்கு வைத்த அதே மதிப்பு சுரங்க ரயிலுக்கும் போதுமா என்ற கேள்வி எழுந்தது. ஜோன்ஸ்-லீயும் லூம்ஸும் 1995-இல் வெளியிட்ட முடிவு: சுரங்க ரயில் பாதுகாப்புக்கு மக்கள் சாலையைவிடச் சுமார் 50 விழுக்காடு கூடுதல் மதிப்பு தந்தார்கள். ஆனால் ஒரே நேரத்தில் பலர் சாவது அதற்குக் காரணமாக இல்லை. நம் கட்டுப்பாட்டில் இல்லாத இடத்தில், தாமாக ஏற்காத ஆபத்து என்பதுதான் உறுத்தியது.

பிறகு சில்டன் குழுவினர், ரயிலில் ஒரு சாவைத் தடுப்பதா சாலையில் ஒரு சாவைத் தடுப்பதா என்று ஒப்பிட்டுக் கேட்டார்கள். 1999 அக்டோபரில் லாட்புரோக் குரோவ் ரயில் மோதலில் 31 பேர் இறந்த பிறகு மீண்டும் கேட்டுப் பார்த்தார்கள். அப்போதும் ரயிலுக்கும் சாலைக்கும் இடையிலான விகிதம் ஒன்றுக்கு நெருக்கமாகவே இருந்தது. செய்தித்தாள்கள் கொதித்த நேரத்தில்கூட, நிதானமாக ஒப்பிடச் சொன்னால் மக்கள் நிதானமாக ஒப்பிட்டார்கள்.

இதனால் யாராவது உண்மையில் பாதிக்கப்பட்டிருக்கிறார்களா, இல்லை இது கல்வியாளர்களின் சண்டை மட்டும்தானா?

2003-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். காற்று மாசுச் சட்ட முன்வரைவு ஒன்றின் பலன்களைக் கணக்கிட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஒரு மாற்றுக் கணக்கில் 70 வயதைக் கடந்தவர்களின் உயிர் மதிப்பை 37 விழுக்காடு குறைத்துப் போட்டது. காற்று மாசால் இறப்பவர்களில் முதியவர்களே மிகுதி. ஆக, அந்தக் குறைப்பு மாசுக் கட்டுப்பாட்டின் பலனையே சிறுத்துக் காட்டும். அந்த 37 எங்கிருந்து வந்தது? மேலே சொன்ன ஜோன்ஸ்-லீயின் பிரிட்டிஷ் சர்வேயிலிருந்து. அது சாலைப் பாதுகாப்புக்காக, பஸ் பயணத்தையும் காரையும் கற்பனை செய்யச் சொல்லி, இன்னொரு நாட்டில், இருபது ஆண்டுகளுக்கு முன்பு கேட்ட கேள்வி. அதற்கு அங்கே சொன்ன பதில்கள் அமெரிக்க முதியவரின் மூச்சுக்கு விலையாயின. முதியோர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. அந்த ஆண்டு மே மாதம் முகமையின் தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன் அந்தக் கணக்கைக் கைவிடுவதாக அறிவித்தார்.

கேள்வியை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு தொகை கேள்வித்தாளைவிட்டுப் பிரிந்ததும் அதற்குக் கால் முளைத்துவிடுகிறது. எந்தக் கேள்விக்கு வந்த விடை அது என்பதை அடுத்தடுத்த அலுவலகங்கள் மறந்துபோகின்றன. அதனால்தான் தொகையோடு கேள்வித்தாளையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு குறை இருக்கும்போது சர்வேயையே விட்டுவிட்டால் என்ன?

விட்டுவிட்டு எதை எடுப்பது? ஆபத்தான வேலைகளில் கூடுதல் சம்பளம் எவ்வளவு என்று பார்த்துக் கணக்கிடும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் அதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வேறு வேலை கிடைக்காததால் ஆபத்தான வேலையில் இருக்கிறவரின் சம்பளம், அவர் உயிரை அவர் எப்படி மதிக்கிறார் என்று சொல்லுமா? குழந்தைகளுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் சம்பளமே இல்லையே.

சர்வேயைச் செப்பனிடுவது நடக்கிற காரியம். 1998-இல் கார்த்தியும் சகாக்களும் கடினமான கேள்வியை இரண்டாக உடைத்தார்கள். முதலில், புரியக்கூடிய ஒரு காயத்தைச் சொல்லி, அது உடனே குணமாக எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். அடுத்து பணத்தைப் பற்றிப் பேசாமல், அந்தக் காயத்தையும் சாவு வாய்ப்புள்ள ஒரு சிகிச்சையையும் ஒப்பிடச் சொன்னார்கள். இரண்டு பதில்களையும் சங்கிலி போலக் கோத்து மதிப்பைப் பெற்றார்கள். லட்சத்தில் 4-க்கு நேரடியாக விலை சொல் என்று யாரையும் திணறடிக்கவில்லை.

இந்தியாவில் இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

கேட்டிருக்கிறார்கள். சோமா பட்டாசார்யா, ஆல்பெரினி, குரோப்பர் மூவரும் டெல்லியில் வேலைக்குப் போய்வருகிறவர்களிடம், சாலை விபத்தில் தாங்கள் சாகும் ஆபத்தைக் குறைக்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு 2007-இல் வெளியிட்டார்கள். தாங்கள் ஏற்கத்தக்கதாகக் கருதிய மதிப்பாக அவர்கள் தந்தது சுமார் 13 லட்சம் ரூபாய். அமெரிக்கத் தொகையை எடுத்து வருமான விகிதத்தால் சுருக்கிப் போடுவதைவிட இங்கே தெருவில் நிற்பவரிடமே கேட்டது நல்லது. ஆனாலும் அந்த 13 லட்சத்தையும் மேலே சொன்ன அத்தனை கேள்விகளோடும்தான் படிக்க வேண்டும். அதோடு ஒன்று: குறைந்த வருமானக்காரர் குறைந்த தொகை சொல்வது அவர் பையின் அளவு. அதை வைத்து ஏழைகள் நடக்கும் சாலைக்குத் தடுப்பு வேண்டாம் என்று எந்த அதிகாரியாவது முடிவு செய்தால் அந்தக் குற்றத்துக்குக் கேள்வித்தாளைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

என் வீட்டுக்கு இப்படி ஒரு சர்வே வந்தால் நான் என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள். "லட்சத்தில் 8 என்றால் எங்கள் ஊரில் வருஷத்துக்கு எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேளுங்கள், நன்றாகப் பயிற்சி பெற்றவர் சொல்வார். அவர் ஒரு தொகையை முதலில் சொன்னால், அதை மறந்துவிட்டு, இந்த மாதச் செலவில் எதைக் குறைத்து இந்தப் பணத்தைக் கொடுப்பேன் என்று யோசியுங்கள். அரிசியா, பிள்ளையின் ஃபீஸா, கேபிள் டிவியா என்று பெயர் சொல்ல முடிகிற தொகைதான் உங்கள் தொகை. அப்படியும் ஒன்றும் தோன்றவில்லையென்றால், அந்த டீக்கடைப் பெரியவர் போலத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். தாளில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டால், ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அன்று என் தாளிலும் அந்தக் கட்டம் இல்லை, ஓரத்தில்தான் எழுதினேன்.